மூன்றாவது கதவு தேவையா? நத்தார் நெரிசலுக்கு ஸ்டோர்ஸை ஆயத்தப்படுத்துவது

கேள்வி: கொழும்பு கிராண்ட்பாஸில் மளிகை, வீட்டுப் பாவனைப் பொருட்கள் மொத்த வியாபாரம் செய்கிறோம். எங்கள் ஸ்டோர்ஸில் லொறி பின்னால் வந்து நிற்க இரண்டு கதவுகள் உண்டு. சாதாரண நாட்களில் சமாளித்துவிடுவோம். நவம்பர் நடுவிலிருந்து நத்தார் வரை நாளொன்றுக்கு 40 அடிக் கொள்கலன் இரண்டும் டெலிவரி லொறிகள் 14உம் வருகின்றன. காலை ஒன்பது மணிக்கே லொறிகள் றோட்டில் வரிசை கட்டுகின்றன. பக்கத்துக் கடைக்காரர்களோடு சண்டை, பொலிஸ் வந்து வழக்கும் போடுகிறது. சுவரை உடைத்து மூன்றாவது கதவு வைக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இந்த வருடம் சுவரில் கை வைக்காதீர்கள். நீங்கள் எழுதிய எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காலை 8 முதல் மாலை 5 வரை வேலை, சாப்பாட்டு நேரம் போக 8 மணித்தியாலம் என்று வைப்போம். 480 நிமிடம். இரண்டு கதவுக்கும் சேர்த்து 960. பலெட் என்ற மரத் தட்டில் வைக்காமல் பெட்டி பெட்டியாக அடுக்கி வரும் 40 அடிக் கொள்கலனைக் கையால் இறக்க மூன்று மணித்தியாலம் ஆகும் என்றால், இரண்டுக்கும் 360 நிமிடம். டெலிவரி லொறி ஒன்று கதவில் 40 நிமிடம் நின்றால் 14 லொறிக்கு 560. கூட்டினால் 920. அதாவது உங்கள் கதவுகள் 96 சதவீதம் நிரம்பிவிட்டன. ஒரு சாரதி பில் தேடிப் பத்து நிமிடம் அலைந்தால் போதும், அன்றைய நாள் முழுக்கப் பின்தள்ளிப் போகும்.

வரிசை எப்படி வளர்கிறது என்பதற்குப் பழைய கணிதம் ஒன்று உண்டு. ஒரே கதவு, நினைத்த நேரத்துக்கு வந்து சேரும் லொறிகள், வேலை கூடியும் குறைந்தும் சராசரியாக 40 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கதவு பாதி நேரம் வேலையில் இருந்தால் ஒரு லொறி சராசரியாக 40 நிமிடம் காத்திருக்கும். 80 சதவீதத்தில் 160 நிமிடம். 90 சதவீதத்தில் 6 மணித்தியாலம். இரண்டு கதவு இருப்பதால் உங்களுக்கு இவ்வளவு மோசமாகாது. ஆனால் ஏறும் விதம் இதேதான். கடைசிப் பத்து சதவீதம்தான் ஆளைக் கொல்லும். கதவில் நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தாலே வரிசை நிறையக் குறைவதும் இதனால்தான்.

முதலில் ஒரு சீஆர் கொப்பி வாங்கி கேற்றில் நிற்கும் செக்யூரிட்டியிடம் கொடுங்கள். ஒவ்வொரு வாகனத்துக்கும் நான்கு நேரம் எழுத வேண்டும்: கேற்றுக்கு வந்தது, கதவில் பின்னுக்கு எடுத்து நிறுத்தியது, முதல் பெட்டி கை மாறியது, கதவை விட்டுப் போனது. ஒரு கிழமை எழுதினால் போதும். இரண்டாவது நேரத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். நான் வேலை பார்த்த ஸ்டோர்ஸ்களில் பெரிய ஓட்டை அங்கேதான் இருந்தது. லொறி கதவில் நிற்கும், பில் இன்னும் அடித்திருக்காது. பில் வந்தால் சாமான் உள் ரேக்கில் இருக்கும். சாமான் எடுத்து வந்தால் எண்ணிப் பார்க்கும் கணக்குப்பிள்ளை இன்னொரு கதவில் இருப்பார்.

இதற்கு வைத்தியம், லொறி வருமுன்பே அதன் சாமானைக் கதவுக்குப் பக்கத்தில் கூட்டி வைப்பது. தரையில் மஞ்சள் பெயின்டால் கட்டம் போடுங்கள், ஒரு லொறிக்கு ஒரு கட்டம். கடைசியாக இறங்க வேண்டிய கடையின் சாமான் முதலில் ஏற வேண்டும். அதற்கேற்ற ஒழுங்கில் அடுக்கி, எண்ணி, மேலே பில்லை ஒட்டிவிட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் 40 நிமிடத்தை 25 ஆக்கலாம். அப்போது 14 லொறிக்கு 350 நிமிடம், கொள்கலன்களோடு 710. 96 சதவீதம் 74க்கு இறங்கிவிட்டது, ஒரு செங்கல்லும் உடைக்காமல்.

அடுத்தது, எல்லா லொறியும் காலையில் ஏற்ற வேண்டும் என்ற பழக்கம். டெலிவரி முடிந்து மாலை திரும்பும் லொறிகளில் ஏழு லொறிகளையாவது ஐந்து மணிக்குப் பிறகு மறுநாளைக்கு ஏற்றிவிடுங்கள். பகல் கணக்கு 535 நிமிடத்துக்கு வந்துவிடும், 56 சதவீதம். ஏற்றிய லொறி இரவில் உங்கள் வளவுக்குள்ளேயே பூட்டும் சீலும் போட்டு நிற்க வேண்டும், சீல் இலக்கம் கொப்பியில் ஏற வேண்டும். வளவில் ஏழுக்கு இடமில்லையா, நான்கை மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். மாலை வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு கொடுக்கத்தான் வேண்டும். பொலிஸ் வழக்குக்கும் காத்திருப்புக் கூலிக்கும் கொடுப்பதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொள்கலன்களைக் காலைக்கு வையுங்கள். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பிற்பகல் ஆனால் இடியும் மழையும். கதவு திறந்த கொள்கலனுக்கும் உங்கள் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தாலும் அட்டைப் பெட்டிகள் ஊறிவிடும். ஒன்றை 6 மணிக்கும் மற்றதை 9.30க்கும் எடுக்கலாம். ஆனால் விடியற்காலையில் களனிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும் என்று எண்ண வேண்டாம். 2011இல் மீன் சந்தையும் 2020இல் மெனிங் சந்தையும் பேலியகொடைக்குப் போனபின் அங்கே இரவும் அதிகாலையும்தான் சந்தடி. உங்கள் லொறிகள் கண்டி வீதி, நீர்கொழும்பு வீதிப் பக்கம் போவதானால் இதைச் சாரதிகளோடு பேசி நேரம் வையுங்கள்.

துறைமுகத்திலிருந்து நேரே வரும் கொள்கலனுக்கு நேரம் குறிக்கலாம். ஒருகொடவத்தையில் சுங்கப் பரிசோதனைக்குப் போவதற்கு அப்படிக் குறிக்க முடியாது. சோதனை முடிந்து வெளியே வந்துவிட்டது என்று, துறைமுக, சுங்க வேலைகளைப் பார்க்கும் வார்ஃப் கிளார்க் போனில் சொன்ன பிறகே அதற்குக் கதவு ஒதுக்குங்கள். "இன்றைக்கு எப்படியும் வந்துவிடும்" என்ற வார்த்தையை நம்பிக் கதவைக் காலியாக வைத்தவர்கள் 2025 ஜனவரி துறைமுகக் கொள்கலன் நெரிசலில் நிறையப் பட்டார்கள். இன்னொன்று: துறைமுகத்தில் தங்கினால் டிமரேஜ் என்ற தாமதக் கட்டணம், வெற்றுக் கொள்கலனைத் திருப்பிக் கொடுக்கப் பிந்தினால் கப்பல் கம்பனிக்கு டிடென்ஷன் என்ற கட்டணம். இரண்டும் வேறு வேறு. இரண்டு கொள்கலன் ஒன்றாக வந்துவிட்டால் எதன் இலவச நாட்கள் முதலில் முடிகின்றன என்று பார்த்து, அதை முதலில் இறக்குங்கள்.

அவசரத்தில் விட்டுவிடக் கூடாத சில விஷயங்கள் இருக்கின்றன. வெகு காலத்துக்கு முன் நான் இருந்த ஒரு ஸ்டோர்ஸில், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துச் சாரதி லொறியை எடுத்துவிட்டார். கதவுக்கும் லொறிக்கும் நடுவில் போட்ட இரும்புத் தகட்டில், பலெட்டைத் தூக்கித் தள்ளும் பலெட் ஜாக்கோடு நின்ற தம்பி தகட்டோடு கீழே விழுந்தான். பாதம் நசுங்கி ஆறு மாதம் வீட்டில். அவன் அலறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நான் போன இடமெல்லாம் ஒரே சட்டம்: லொறி கதவில் நின்றதும் சாவி கணக்குப்பிள்ளையின் மேசை ஆணியில் தொங்க வேண்டும், சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். தகட்டை எடுத்த பிறகே சாவி திரும்பும்.

கொள்கலனைத் திறப்பதிலும் அதே கவனம் வேண்டும். சாரதி பக்கத்தில் நிற்க, சீல் இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் படம் எடுத்த பிறகே வெட்டுங்கள். பூச்சி கொல்ல நச்சு வாயு அடித்த (புகையூட்டிய) எச்சரிக்கை லேபிள் கதவில் இருந்தால், வாயு போய்விட்டது என்று தகுதியுள்ளவர் சொல்லும்வரை யாரும் உள்ளே காலடி வைக்கக் கூடாது. முதலில் திறப்பது வலது கதவு. அதற்கு முன் இரண்டு கதவின் கம்பிகளையும் ஒரு பட்டியால் தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். கதவு ஒரு சாண் மட்டுமே திறக்கும். கடலில் ஆடி வந்த பெட்டிகள் கதவில் சாய்ந்திருந்தால் அந்த இடைவெளியில் தெரிந்துவிடும். பட்டி இல்லாமல் திறந்தால் அவை ஆளின் மேல்தான் விழும்.

சுமை தூக்கும் நாட்டாமைமார் விஷயத்தை ஒக்டோபரிலேயே பேசி முடியுங்கள். டிசம்பரில் புறக்கோட்டை முழுக்க அவர்களைத்தான் தேடும். இத்தனை பேர், இந்தத் திகதிகள், இவ்வளவு கூலி என்று அவர்களின் தலைவரோடு பேசி, கொஞ்சம் முற்பணமும் கொடுங்கள். கொள்கலனுக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி பேசினால் பெட்டிகள் பறக்கும், முதுகுகளும் போகும். நாட்கூலியோடு, உடைவில்லாமல் நேரத்துக்கு முடித்தால் மேலதிகம் என்று வைப்பது நல்லது. ஒருவர் தூக்க, நல்ல நிலையிலேயே 23 கிலோவுக்கு மேல் கூடாது என்பது வேலைத்தலப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் கணக்கு. உங்கள் சீனி மூட்டை 50 கிலோ. அதை நாள் முழுக்க ஒரே தோளில் ஏற்றாமல் இருவராகப் பிடிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் கொள்கலனுக்குள் ஒரு ரோலர் பாதை வாங்கிப் போடுங்கள். கொள்கலனுக்குள் வெயிலில் நிற்க முடியாது. ஒரு பெரிய ஃபேனும் குடிதண்ணீரும் வாசலிலேயே இருக்க வேண்டும்.

றோட்டில் நிற்கும் வரிசைக்கு: ஒவ்வொரு லொறிக்கும் முதல்நாள் மாலையே வட்ஸ்அப்பில் நேரம் அனுப்புங்கள். நேரத்துக்கு முன் வருபவருக்குக் கேற் திறக்காது என்பதை முதல் கிழமையே கண்டிப்பாகச் செய்ய வேண்டும். உங்களுக்கு வேண்டிய பழைய சாரதி ஒருவருக்கு ஒருநாள் விட்டுக்கொடுத்தால் மறுநாள் பத்துப் பேர் கேட்பார்கள். நாளின் எல்லா நேரத்தையும் நிரப்பாமல், காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றும் காலியாக வையுங்கள். பிந்தி வருபவர் அதில் ஏறிக்கொள்வார்.

மூன்றாவது கதவைப் பற்றி அண்ணனிடம் இப்படிச் சொல்லுங்கள்: டிசம்பர் முழுக்கக் கொப்பி எழுதுவோம். இதையெல்லாம் செய்த பிறகும் கதவுகள் 85 சதவீதத்துக்கு மேல் ஓடினால் ஜனவரியில் பொறியியலாளரைக் கூப்பிடலாம். அப்போதும் முதலில் அளக்க வேண்டியது வளவைத்தான். 40 அடிக் கொள்கலனோடு அதை இழுக்கும் பிரைம் மூவர் ஏறத்தாழ 16 மீற்றர் நீளம். அது பின்னுக்கு எடுத்துத் திரும்ப இடமில்லாவிட்டால், சுவரில் வைக்கும் புதுக் கதவுக்கு வண்டி போய்ச் சேராது.