நேரம் கிடைக்கும்போது படிக்கலாம்

கேள்வி: 4-ம் நூற்றாண்டில் ரோமப் பேரரசை எதிர்த்துக் கிளம்பிய பெர்பர் தலைவன் ஃபிர்மஸ் மாபெரும் விடுதலை வீரன். கூடப்பிறந்த கில்டோ மட்டும் ரோமானியர் பக்கம் சாயாமல் இருந்திருந்தால் வட ஆப்பிரிக்கா அன்றைக்கே விடுதலை அடைந்திருக்கும் அல்லவா?

பதில்: கூடப்பிறந்தவனுக்கு எதிராகப் போனவன் துரோகி என்றால், கூடப்பிறந்தவனை மறைந்திருந்து தீர்த்துக்கட்டியவனுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஃபிர்மஸின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்றைய அல்ஜீரியாவில் நூபெல் என்று ஒரு பெரிய மூர் தலைவர் இருந்தார் (பெர்பர்களை ரோமானியர் மூர் என்றார்கள்). மனைவிக்குப் பிறந்தவர்களும் ஆசைநாயகிகளுக்குப் பிறந்தவர்களுமாக ஏகப்பட்ட பிள்ளைகள். அவர் கண்ணை மூடியதும் சம்மாக் என்ற மகனுக்கு ரோமத் தளபதி ரொமானஸின் செல்வாக்கு கிடைத்தது. சும்மாம் பள்ளத்தாக்கில் நகரம் மாதிரி மதில் எழுப்பிப் பண்ணை கட்டியவர் இந்தச் சம்மாக். அங்கே கிடைத்த லத்தீன் கல்வெட்டுப் பாடலின் வரிகளில் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் கோத்தால் ‘சம்மாக்கின் பண்ணை’ என்று வருகிறது. ரோமுக்கு எவ்வளவு விசுவாசம் என்பதைச் சித்திரக்கவி பாடிக் காட்டிய குடும்பம் ஐயா இது! அந்தச் சம்மாக்கைத்தான் கூடப்பிறந்த ஃபிர்மஸ் கொன்றார். நாட்டு விடுதலை அப்போது யார் வாயிலும் வரவில்லை.

பிறகு கலகம் ஏன் வந்தது? ரொமானஸ், கொலையைப் பற்றிப் பேரரசர் வாலன்டினியனுக்கு ஓலை மேல் ஓலை அனுப்பினார். ஃபிர்மஸும் தன் தரப்பு விளக்கத்தை அனுப்பினார். ஒன்று போய்ச் சேர்ந்தது, மற்றது சேரவில்லை. அரண்மனை அலுவலகங்களின் தலைவர் ரெமிகியஸ், ரொமானஸுக்கு உறவுக்காரர். ‘பேரரசருக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, இந்தச் சில்லறை விஷயத்தையெல்லாம் நேரம் கிடைக்கும்போது படிக்கலாம்’ என்கிற தோரணையில் அதை ஓரங்கட்டிவிட்டார். அம்மியானஸ் மார்செலினஸ் என்ற ரோம வரலாற்றாசிரியரே இதை எழுதி வைத்திருக்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது நமக்குத் தெரியும். இங்கே சாமி காதுக்கு விஷயமே எட்டவில்லை. விசாரிக்காமலே தலை போய்விடும் என்று புரிந்த பிறகுதான், 372 வாக்கில், ஃபிர்மஸ் வாளை எடுத்தார்.

அவர் பின்னால் சனம் திரண்டதற்கும் காரணம் ரொமானஸ்தான். பாலைவனக் கூட்டத்தார் கொள்ளையடிக்கிறார்கள், காப்பாற்றுங்கள் என்று இன்றைய லிபியாவிலுள்ள லெப்திஸ் நகரத்தார் வந்து நின்றபோது, 4,000 ஒட்டகமும் தீனியும் தந்தால்தான் படை நகரும் என்றவர் அவர். தர முடியவில்லை. 40 நாள் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். புகார் சொன்னவர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது! இப்படிப்பட்ட நிர்வாகத்தில் யார் கொடி பிடித்தாலும் கூட்டம் சேரும். மலைவாழ் இனக்குழுக்கள் சேர்ந்தன, ரோமத் திருச்சபையோடு முறுக்கிக்கொண்டிருந்த டோனாடஸ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சேர்ந்தார்கள், ரோமப் படைப்பிரிவுகளே கட்சி மாறின. ஒரு படை அதிகாரி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகுடமாக ஃபிர்மஸின் தலையில் வைத்தார். ரோம அதிகாரி வைத்த மகுடத்தை ஏற்றவர் ரோமை ஒழிக்கக் கிளம்பியவரா, ரோம நாற்காலிக்கு ஆசைப்பட்டவரா என்பதையும் யோசியுங்கள். அவர் ஆட்கள் கொளுத்திய சீசரியா நகரம், முன்பு ஜூபா என்ற ஆப்பிரிக்க மன்னரின் தலைநகரம்.

அடக்க வந்தவர் தியோடோசியஸ், பிற்காலப் பேரரசரின் தந்தை. சரணடைந்த படையாட்கள் சிலரின் கைகளை வெட்டிய புண்ணியவான். ஃபிர்மஸ் ஒருமுறை அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார், நிலைக்கவில்லை. கடைசியில் அடைக்கலம் தந்த இக்மாசென் என்ற அரசனே அவரை ஒப்படைக்க முடிவு செய்தான். ஃபிர்மஸ் காவலாளிகளுக்கு மூக்குமுட்ட ஊற்றிக் கொடுத்து, அவர்கள் தூங்கியதும் சுவரிலிருந்த ஆணியில் தூக்கு மாட்டிக்கொண்டார். உயிரோடு பிடித்துத் தரும் பெருமை போச்சே என்று இக்மாசெனுக்கு வருத்தம். பிணம் ஒட்டகத்தில் போனது.

உங்கள் கில்டோவுக்கு வருவோம். ரோமுக்கு உழைத்த அதே கில்டோ, பின்னாளில் ஆப்பிரிக்கத் தளபதியாகி, 397-ல் ரோம் நகரத்துக்குப் போகும் தானியத்தை நிறுத்திக் கலகம் செய்தார். அவரை அடக்க ரோம் அனுப்பியது யாரை? இன்னொரு சகோதரர் மஸ்கேசெலை. முன்பு ஃபிர்மஸோடு நின்று ரோமானியரை எதிர்த்தவர். அவருடைய 2 பிள்ளைகளைக் கில்டோ கொன்றிருந்தார். 398-ல் கில்டோ தோற்றார். உங்கள் கணக்குப்படி துரோகி வீரனாகிறார், வீரன் துரோகியாகிறார். பட்டத்தை யாருக்குக் கட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

ரெமிகியஸ், விஷயம் வெளியே வரத் தொடங்கியதும் தூக்கில் தொங்கினார். வென்று கொடுத்த தியோடோசியஸுக்குக் கார்த்தேஜில் தலை போனது. ரொமானஸ்? பிடிபட்டார், கொஞ்ச நாள் காவலில் இருந்தார். பிறகு மிலான் அரசவைக்குப் போய்ப் பெரிய இடத்து ஆதரவைப் பிடித்து, இன்னும் சாட்சிகளை அழைக்க வேண்டும் என்று வாய்தா வாங்கினார்.