மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய சொகுசு வண்டி: வாங்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். புதிதாக வந்தபோது நமக்கு எட்டாத விலையில் இருந்த பெரிய வண்டி, பதினைந்து இருபது வருஷம் கழித்து சின்னக் காரின் விலைக்குக் கிடைக்கிறது. அதை எடுக்கலாமா, எடுத்ததை எப்படிக் காப்பாற்றுவது? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

2005 பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 டீசல், 2,80,000 கி.மீ. ஓடியது. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. "யானையைக் கட்டித் தீனி போடப்போகிறாயா?" என்று அண்ணன் திட்டுகிறார். வாங்கலாமா ஐயா? (சாட்ஸ்வர்த் வாசகர்)

அண்ணன் சொல்வதில் பாதி சரி. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, பாகங்களின் விலை இறங்கவில்லை. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் வருஷச் செலவுக்கென்று தனியாக எடுத்துவைக்க முடியுமா? முடியும் என்றால் தைரியமாக வாங்குங்கள். கையில் இருக்கும் கடைசி ரேண்ட் வரை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் இடையே என்3 நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 2,80,000, பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் சூடேறாமலே ஓடிய 1,20,000-ஐ விட மேல். நான் முதலில் கேட்பது பில் கட்டைத்தான். யார், எப்போது, எத்தனை கிலோமீட்டரில் என்ன மாற்றினார்கள் என்பது அதில் இருக்கும். பளபளப்பான பெயின்ட் அதைச் சொல்லாது.

பார்க்கப் போகும் நாளில், நான் வரும்வரை எஞ்சினைப் போட வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறாரா என்ற சந்தேகம் நியாயமானது. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்: சங்கிலிச் சத்தம், புகை, நடுக்கம் எல்லாம் முதல் அரை நிமிஷத்தில் தெரியும்.

அப்புறம் கியர்பாக்ஸ். இதில் எண்ணெய் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லியே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த ஆறு வேக கியர்பாக்ஸைச் செய்த ஸெட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. அடித்தட்டும் ஃபில்டரும் சேர்ந்த ஒரே பிளாஸ்டிக் பாகம். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எண்ணெய் மட்டத்தை எஞ்சின் ஓடும்போது, எண்ணெய் சுமார் 40 டிகிரி சூட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டும். தெர்மாமீட்டரோ ஸ்கேனரோ இல்லாமல் "நிரம்பிடுச்சு" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எங்கள் டிஸ்கவரி 3 ராத்திரி நிறுத்தினால் காலையில் இடது பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. ஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்கிறது. பொறுத்திருக்கலாமா? (டோங்காட் வாசகர்)

பொறுக்கக் கூடாது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பையிலோ அதன் குழாயிலோ கசிவு இருக்கிறது. அது சின்ன விஷயம். ஆனால் விட்ட காற்றை நிரப்ப கம்ப்ரசர் தினமும் கூடுதல் நேரம் ஓடுகிறது, அதனால் அது சூடேறிக் கருகும். ஒரு பையின் செலவு கம்ப்ரசரின் செலவாகும்.

வண்டியை உயர நிலையில் நிறுத்தி, தாங்கி வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்து, பையின் மடிப்புகளிலும் குழாய் இணையும் இடத்திலும் அடியுங்கள். கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். அதுதான் இடம். தாங்கி இல்லாமல் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. பையை மாற்றினால் அதே அச்சில் மற்றதையும் மாற்றுங்கள், இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.

காற்றுப் பைகளைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. கரும்புத் தோட்டத்து மண் சாலையில் அந்த வண்டி மிதந்து போகிற சுகத்துக்குத்தானே வாங்கினீர்கள்?

அப்பா விட்டுச்சென்ற மெர்சிடிஸ் எம்.எல். வாரம் கொஞ்சம் கூலன்ட் குறைகிறது, கீழே சொட்டு இல்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றி வருகிறேன். (பீனிக்ஸ் வாசகி)

குழாய்த் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள் அம்மா, உள்ளே துருவும் படிவும் சேரும். புத்தகத்தில் சொன்ன கூலன்டை மட்டும் ஊற்றுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக் இணைப்போ வாட்டர் பம்போதான் காரணம். சூட்டில் கசிந்து அங்கேயே காய்ந்துவிடுவதால் சொட்டு தெரியாது. வெப்பம் காட்டும் ஊசி சிவப்புக்குப் போனால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். வீடு பக்கம்தானே என்று ஓட்டினால் எஞ்சினின் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அப்பாவின் வண்டி, இன்னும் பல வருஷம் ஓட வேண்டும்.

ஜோஹன்னஸ்பர்க்கில் 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஜோஹன்னஸ்பர்க் மேட்டில் காற்று மெலிசு என்பதால் அங்கே 93 பல வண்டிகளுக்குப் போதும். கீழே இறங்கியதும் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடும், அங்கே 95 வேண்டும். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் 95 என்று எழுதியிருந்தால் எங்கேயும் அதையே போடுங்கள்.

லேண்ட் குரூசர் 100, 4.7 வி8, 4,10,000 கி.மீ. விற்றுவிடச் சொல்கிறாள் மனைவி. அதற்கு முன் பிள்ளைகளை லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸ் ஏற்றிக் காட்ட ஆசை. (ஸ்டாங்கர்)

விற்காதீர்கள் என்பேன், தங்கச்சி கோபித்துக்கொண்டாலும். வான் ரீனன் ஏற்றத்தில் ஏழு பேரையும் சாமான்களையும் சுமந்துகொண்டு, குரல் உயர்த்தாமல் ஏறும் அந்த வி8 மாதிரி இன்னொன்று இந்த விலைக்கு எங்கே கிடைக்கும்?

ஆனால் டைமிங் பெல்ட் 1,50,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற வேண்டும். இதுவரை இரண்டு முறை மாறியிருக்க வேண்டும், 4,50,000-இல் அடுத்தது. பில் இல்லையென்றால் மாறவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாட்டர் பம்பையும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள்.

சானியில் நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியை நம் எல்லைக் காவல் மேலே விடாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உச்சி 2,876 மீட்டர். ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு எஞ்சினையே பிடிக்க விடுங்கள், பிரேக்கை அழுத்தியபடியே இறங்காதீர்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் போகுமுன் மாற்றுங்கள். ஈரம் இழுத்த ஆயில் சூட்டில் கொதித்து மிதி பஞ்சாகிவிடும்.

இன்னொன்று. கடல் காற்றில் நின்ற வண்டி உங்களுடையது. பின்னால் அடியில் தொங்கும் ஸ்பேர் டயரைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் கீழே இறக்கிப் பாருங்கள். சங்கிலி துருப்பிடித்து இறங்க மறுத்தால் அது உங்கள் வீட்டு வாசலில் தெரியட்டும், மலை மேல் அல்ல.