ஆய்வகத்துக்கும் பிரசவ அறைக்கும் இடையே 22 வருடம்

"பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிப்பது நோயாளியிடம் வந்து சேர ஏன் இவ்வளவு தாமதம்?" என்ற கேள்விக்கு, குறைமாதக் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஓர் ஊசியின் கதை போதும்.

1960களின் கடைசியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிகின்ஸ், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்ததும் அது மிகவும் குறைமாதத்தில் பிறந்தது. கணக்குப்படி அது மூச்சே விட்டிருக்கக் கூடாது, விட்டது. இறந்தபின் அறுத்துப் பார்த்தால் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது! தேடியது ஒன்று, கிடைத்தது வேறு.

குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய 282 தாய்மார்களிடம் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டார். குறைமாதக் குழந்தைகளிடம் மூச்சுத்திணறலும் இறப்பும் குறைந்திருந்தன.

சரி, மலிவான மருந்து, இரண்டே ஊசி. அப்புறம் என்ன? தொற்று வருமோ என்ற பயம். அடுத்து வந்த ஆய்வுகள் பலவும் சிறியவை. தனித்தனியாகப் பார்த்தால் பலன் தெளிவாகத் தெரியவில்லை. 1990இல் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் சந்தேகம் தீர்ந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு பரிந்துரைத்தது 1994இல்.

அதோடு முடியவில்லை. இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் இதே வகை ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோனைப் பரப்பிப் பார்த்த ஆய்வில் (2015) சிசு மரணம் மொத்தத்தில் கூடியது. கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணக்கிடக்கூடிய, குழந்தையைப் பராமரிக்க வசதியுள்ள மருத்துவமனைகளில் அதே டெக்சாமெத்தசோனைக் கொடுத்துப் பார்த்த 2020 ஆய்வில் மரணம் குறைந்தது. மருந்து ஒன்றுதான், கொடுக்கும் இடம்தான் வேறு.