எட்டாவது வரியில் இருந்த தண்ணீர்

அன்புள்ள ஐயா,

நான் கிராம சுகாதார செவிலியர். அடுத்த வாரம் ஒரு பள்ளியில் பெற்றோர்களுக்கு டெங்கு பற்றிச் சொல்ல வேண்டும். 14 ஸ்லைடு வைத்திருக்கிறேன். போன முறை பாதிப் பேர் செல்போனைத்தான் பார்த்தார்கள். பின்னணி வண்ணம், அனிமேஷன் எல்லாம் மாற்றினால் கவனிப்பார்களா? ஒரு ஸ்லைடை இணைத்திருக்கிறேன்.

ம., திருவாரூர்

அன்புள்ள ம.,

வண்ணம் இருக்கட்டும். உங்கள் ஸ்லைடின் தலைப்பு ‘டெங்கு: ஓர் அறிமுகம்’. அதன் கீழே ஒன்பது வரிகள். தேங்கிய நல்ல தண்ணீரில் கொசு முட்டையிடும் என்பது எட்டாவது வரியில் வருகிறது. அந்தத் தாய்மார்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயமே அதுதானே?

2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் வானில் இருக்கும்போதே பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அதில் ஒன்றின் தலைப்பு தைரியம் சொல்வதுபோல இருந்தது. முன்பு செய்த மோதல் சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியது சுமார் 1920 கன அங்குலம் என்ற தகவல் அடியில், சின்ன எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதைத் தனியாக எடுத்துக் கண்டித்திருக்கிறது.

அதனால் எட்டாவது வரியை மேலே கொண்டுவாருங்கள். மழைத்தண்ணீர் நிற்கும் ஒரு கொட்டாங்கச்சியை உங்கள் ஊரிலேயே படம் எடுத்து, திரை முழுக்க வையுங்கள். மேலே ஒரே வாக்கியம்: ‘வாரம் ஒரு முறை கொட்டிக் கவிழ்த்து வையுங்கள்.’ ஏன் வாரம் ஒரு முறை, முட்டை கொசுவாக எத்தனை நாள் என்பதை நீங்கள் வாயால் சொல்லுங்கள். திரையில் படிக்க ஒன்றும் இல்லாவிட்டால் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்த ஸ்லைடில் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவர். முட்டை அங்கே ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். மற்ற வரிகளெல்லாம் உங்கள் கையில் குறிப்புத்தாளாக இருந்தால் போதும். அனிமேஷன் வேண்டாம்.

அப்புறம், தமிழ் எழுத்தை ரொம்பத் தடிமனாக்காதீர்கள். ணை, ஞூ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பள்ளிக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் எழுத்து மாறியோ வெறும் கட்டங்களாகவோ தெரியலாம், பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி கொண்டுபோங்கள். முந்தின நாளே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிடுங்கள்.

மாற்றியதும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.