தையல் மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள், குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் விரிப்பு) தைக்க உதவும் என்று ‘ஃப்ரீசர் பேப்பர்’ சுருள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்தால் சமையலறையில் இருக்கும் பட்டர் பேப்பர் போலத்தான் இருக்கிறது. இதை எப்படிப் பயன்படுத்துவது? தீர்ந்துபோனால் அதற்குப் பதிலாக எதை வைத்துக்கொள்ளலாம்?
– வாசகி, மதுரை

பதில்: பார்வைக்கு மட்டுமே இரண்டும் ஒன்று. அமெரிக்க வீடுகளிலும் இறைச்சிக் கடைகளிலும், இறைச்சியை உறைய வைப்பதற்கு முன் சுற்றிவைக்கும் தாள் இது. ஒரு பக்கம் வெறும் காகிதம். மறு பக்கம் மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு. ஈரம் வெளியேறாமல் இருப்பதற்காகப் பூசிய அந்தப் பிளாஸ்டிக், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் சற்றே இளகித் துணியின் இழைகளை மேலோட்டமாகப் பற்றிக்கொள்ளும். பிறகு உரித்தால் துணியில் எதையும் விட்டுவைக்காமல் வந்துவிடும். ஆகவே, வரைபடம், குண்டூசி, வெட்டுவதற்கான விளிம்பு ஆகிய மூன்றின் வேலையையும் இந்த ஒரே தாள் செய்துவிடுகிறது.

வடிவத்தைக் காகிதப் பக்கத்தில் பென்சிலால் வரைந்து, தாளை வெட்டி, பளபளப்பான பக்கம் துணியில் படும்படி வைத்து, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியால் மூன்று நான்கு வினாடிகள் அழுத்துங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். பளபளப்புப் பக்கம் தவறுதலாக மேலே இருந்துவிட்டால், தாள் துணியை விட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தவறைச் செய்யாத தையல்காரர் யாரையும் நான் சந்தித்ததில்லை. கவனமாக உரித்தால் ஒரே தாளை ஐந்தாறு முறை பயன்படுத்தலாம். பருத்திக்கு இது மிகவும் பொருந்தும். பாலியஸ்டர் கலந்த துணியாக இருந்தால் சூட்டைக் குறைத்து, ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

பட்டர் பேப்பர் எதிலும் ஒட்டக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது. அதை எவ்வளவு அழுத்தினாலும் துணியில் நிற்காது. மெழுகுத் தாளின் நிலை இன்னும் மோசம். அதன் மெழுகு உருகித் துணிக்குள் இறங்கிக் கறையாகிவிடும். எளிதில் கிடைக்கும் மாற்று, ஜெராக்ஸ் கடைகளில் தூக்கி எறியப்படும் ஏ4 காகிதக் கட்டின் மேலுறை. அவற்றில் பலவற்றின் உட்புறத்தில் இதே போன்ற பிளாஸ்டிக் பூச்சு உண்டு. உட்புறத்தைத் துணியின் மேல் வைத்து ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் அச்சு மை இருப்பதால், மேலே ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்து இஸ்திரி போடுவது நல்லது. இல்லாவிட்டால் மை பெட்டியில் ஏறி, அடுத்த வெள்ளைச் சட்டையில் இறங்கிவிடும்.

கேள்வி: மெத்தை விரிப்பு ஒன்றில் மாங்காய் வடிவங்களை அப்ளிக் (துணியின்மேல் துணி வைத்துத் தைப்பது) செய்கிறேன். வளைவுகள் கோணலாகின்றன, நுனி கூராக வருவதில்லை. தவிர, எல்லா மாங்காய்களும் நான் வரைந்ததற்கு எதிர்த் திசையில் திரும்பிக்கொள்கின்றன.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடைசிச் சிக்கலை முதலில் தீர்த்துவிடலாம். ஃப்ரீசர் பேப்பரைத் துணியின் பின்பக்கத்தில் ஒட்டுகிறீர்கள். துணியைத் திருப்பும்போது வடிவமும் திரும்பிவிடுகிறது. பின்பக்கத்தில் ஒட்டுவதானால், படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வரைந்துகொள்ள வேண்டும். முன்பக்கத்தில் ஒட்டி, ஊசி முனையாலேயே விளிம்பை உள்ளே தள்ளித் தைப்பவர்கள் நேராக வரைந்தால் போதும். ஆனால், பழகாத கைக்குப் பின்பக்க முறையே எளிது.

அதைச் செய்யும் விதம் இது. தாளைத் துணியின் பின்பக்கத்தில் ஒட்டியபின், சுற்றிலும் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், துணி விட்டு வெட்டுங்கள். அந்த ஓரத்தில் மட்டும் நீர்த்த கஞ்சியைச் சிறு தூரிகையால் தடவி, தாளின் விளிம்பின்மேல் மடித்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஈரம் முற்றிலும் காயும்வரை அழுத்த வேண்டும். கடையில் விற்கும் ஸ்ப்ரே கஞ்சியை ஒரு கிண்ணத்தில் பீய்ச்சி எடுத்துக்கொண்டாலும் சரி, வீட்டில் புடவைக்குப் போடும் கஞ்சியை நன்றாக வடிகட்டிக்கொண்டாலும் சரி. மாங்காயின் பருத்த வெளிவளைவில் துணி மிகையாக இருக்கும். அங்கே வெட்டாமல், சின்னஞ்சிறு கொசுவங்களாகச் சேர்த்துக்கொண்டே நகருங்கள். உள்வளைவிலோ துணி போதாமல் இழுக்கும். தாளின் விளிம்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பே நிற்கும்படி நாலைந்து சிறு வெட்டுகள் கொடுத்தால் அது விரிந்து படியும். நுனியில் முதலில் முனைத்துணியை நேராகக் கீழே மடித்து அழுத்தி, அதன் பிறகே இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் அதன்மேல் கொண்டுவர வேண்டும். பெரும்பாலானவர்கள் பக்கங்களை முதலில் மடிப்பதால்தான் நுனி மழுங்குகிறது, அல்லது ஒரு பக்கம் வால்போல நீண்டு தெரிகிறது. பின்னால் துணி திரண்டு நின்றால், அதைக் கொஞ்சம் கத்தரித்துவிடலாம்.

எல்லாம் ஆறியபின் தாளை உருவியெடுத்து, இன்னொரு முறை இஸ்திரி போடுங்கள். கஞ்சி காய்ந்த விளிம்பு தாள் இல்லாமலே நிற்கும். அதை அடித்துணியின்மேல் வைத்து, விளிம்பின் நிறத்துக்கேற்ற நூலால் மறைதையல் போடலாம். தேர்களிலும் கோயில்களிலும் தொங்கும் தொம்பைகளில் துணியின்மேல் துணி வைத்துத் தைத்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால், இந்தக் கலை நமக்குப் புதிதல்ல என்பது தெரியும்.

கேள்வி: பழைய குடும்பப் புகைப்படத்தைத் துணியில் அச்சிட்டு, பாட்டிக்குத் தரும் விரிப்பில் பதிக்க விரும்புகிறேன். வீட்டுப் பிரின்டரில் துணியைச் செலுத்த முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: இங்க்ஜெட் பிரின்டராக இருந்தால், துணியை ஃப்ரீசர் பேப்பரில் ஒட்டிச் செலுத்த முடியும். லேசர் பிரின்டரில் மட்டும் ஒருபோதும் முயலாதீர்கள். அது மைத்தூளை உருக்கிப் பதிக்கும் கருவி என்பதால், உள்ளே இருக்கும் சூட்டில் தாளின் பிளாஸ்டிக்கும் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும். நெருக்கமான நெசவுள்ள வெள்ளைப் பருத்தித் துணியைத் தாளில் ஒட்டிய பிறகே, இரண்டையும் சேர்த்து 210க்கு 297 மில்லிமீட்டர் என்ற ஏ4 அளவுக்கு வெட்டுங்கள். பிரின்டருக்குள் முதலில் நுழையும் ஓரத்தில் ஓர் இழைகூடத் தொங்கக்கூடாது. மூலை உரிந்திருந்தால் மீண்டும் இஸ்திரி போட்டுவிட்டு, ஒவ்வொரு தாளாகச் செலுத்துங்கள். சாயவகை மை தண்ணீரில் கரைந்துவிடக்கூடும். நிறமித்துகள் கொண்ட மை அதைவிட நன்றாக நிற்கும். அப்படியும், அந்த விரிப்பை அடிக்கடி துவைக்கும் உத்தேசம் இருந்தால் படத்தை அதில் பதிக்காமல் சுவரில் மாட்டும் துண்டாகச் செய்துகொடுங்கள்.

கேள்வி: டி-சட்டைகளில் தமிழ் எழுத்துகளை வண்ணம் தீட்ட, இதே தாளை அச்சுத்தகடாக (ஸ்டென்சில்) வெட்டலாமா?
– மாணவி, சென்னை

பதில்: தாராளமாகச் செய்யலாம். ‘க’, ‘ழ’ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் இருக்கும் துண்டுகள், சாதாரண அட்டைத் தகட்டில் விழுந்துவிடும். அவற்றைப் பிடித்து நிறுத்த இடையில் பாலம் விட்டால் எழுத்து சிதையும். இந்தத் தாளிலோ அந்தத் துண்டை எடுத்துவைத்துக்கொண்டு, அதற்குரிய இடத்தில் தனியாக இஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம். சட்டையை முன்னதாக ஒருமுறை துவைத்துக் காயவைத்து, வண்ணம் மறுபுறம் ஊறாமலிருக்க உள்ளே இன்னொரு தாளையும் ஒட்டுங்கள். துணிவண்ணத்தில் தண்ணீர் கலக்காமல், ஸ்பாஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, தாளின் ஓரத்திலிருந்து எழுத்தின் உட்புறம் நோக்கி ஒற்றுங்கள். எதிர்த் திசையில் தள்ளினால் வண்ணம் தாளுக்கு அடியில் புகும். வண்ணம் காய்ந்தபின் தாளை உரித்து, புட்டியில் சொல்லியுள்ளபடி பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போட்டுச் சாயத்தை நிலைப்படுத்துங்கள்.