அப்பாவின் பென்டாக்ஸைக் கொடுத்துவிட்டு நிக்கான் வாங்கலாமா?

கேள்வி: அப்பா தொண்ணூறுகளில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்த பென்டாக்ஸ் கே1000 கேமராவும், அதற்கு 50 எம்எம், 135 எம்எம் என்று இரண்டு லென்ஸும் வீட்டில் இருக்கின்றன. ஷட்டர் அடிக்கிறது. ஆனால் வெளிச்சத்தை அளந்து காட்டும் மீட்டர் முள் அசையவே இல்லை. கோவையில் ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு பணம் கொடுத்தால் நிக்கான் எஃப்எம்2 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) தருகிறேன் என்கிறார். மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாமுங்க. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் அந்த முள். கே1000இல் மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி மிஞ்சும். மூடி போடாமல் அலமாரியில் வைத்த கேமராவில் செல் எப்போதோ தீர்ந்திருக்கும். அடியில் உள்ள வட்ட மூடியை ஒரு நாணயத்தால் திருகித் திறந்து பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் எல்ஆர்44 செல் ஒன்று போடுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பல நேரம் இத்தோடு முள் எழுந்துவிடும். எழாவிட்டாலும் கேமரா வீணில்லை. ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், செல் மீட்டருக்கு மட்டும்தான். நம் ஊர் உச்சி வெயிலில் 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு லென்ஸ் திறப்பை எஃப்16, ஷட்டர் வேகத்தை 1/125 செகண்ட் என்று வைத்தாலே படம் வந்துவிடும்.

எஃப்எம்2 அருமையான கேமரா, அதை மறுக்கவில்லை. 1982இல் வந்தது, அதுவும் மெக்கானிக்கல்தான். ஷட்டர் வேகம் 1/4000 செகண்ட் வரை போகும். உங்களுடையது 1/1000 வரை. ஃபிளாஷ் போடும்போது வைக்கக்கூடிய அதிகபட்ச வேகம் கே1000இல் 1/60தான், எஃப்எம்2இல் 1/200, 1984 முதல் வந்ததில் 1/250. பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் போட்டு ஆட்களை எடுப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். வாய்க்கால் கரையையும் வீட்டு மனிதர்களையும் எடுப்பவருக்கு இதற்கு வேலையே வராது. அதோடு, பென்டாக்ஸ் லென்ஸ் நிக்கானில் மாட்டாது. அப்படியென்றால் ஒரு பாடிக்காக இரண்டு லென்ஸையும் கொடுத்து, பணமும் கொடுத்து, மறுபடி லென்ஸுக்கு அலையப் போகிறீர்கள்.

மேற்கொண்டு கொடுக்க நினைத்த பணத்தில் முதலில் ஒரு சர்வீஸ் செய்யுங்கள். பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்சு இத்தனை வருஷத்தில் தார் மாதிரி ஒட்டும். அதை மாற்றாவிட்டால் படத்தில் வெளிச்சம் கசியும். அடுத்து, அகலமான காட்சியைப் பிடிக்க ஒரு 28 எம்எம் லென்ஸ். மீதிப் பணம் ஃபிலிமுக்கு. மாட்டை வாங்கிக் கட்டிவிட்டுத் தீவனத்துக்குக் கடன் கேட்கிற கதை ஆகக் கூடாது.

கருப்பு வெள்ளை என்றால் வீட்டிலேயே டி-76 டெவலப்பர் கரைசலில் கழுவலாம். 20 டிகிரி வேண்டும். சித்திரையில் நம் குழாய்த் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்காது, ஐஸ் கட்டி போட்ட பாத்திரத்துக்குள் வைத்துத்தான் ஆற்ற வேண்டும்.

இதையெல்லாம் மீறி எஃப்எம்2தான் வேண்டுமென்றால், கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்து வாங்குங்கள். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அடித்துப் பாருங்கள், இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பிறகு அதிவேகத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து அடியுங்கள். திறப்பு முழுவதும் ஒரே மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டும். நான் ஒருமுறை பளபளப்பில் மயங்கி, இதைச் செய்யாமல் ஒரு பாடி வாங்கினேன். முதல் ரோலில் வேகமாக அடித்த படமெல்லாம் பாதி கறுப்பு. விற்றவர் போனையே எடுக்கவில்லை. லென்ஸ் வாங்கும்போது மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. வால்பாறை, ஊட்டிப் பக்கம் இருந்த லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

கேள்வி: யாஷிகா எலக்ட்ரோ 35 ஒன்று சகாயமாகக் கிடைக்கிறது. இதன் பேட்டரி இப்போது வருவதில்லை என்கிறார்களே?
– வாசகர், திருப்பூர்

பதில்: பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி வருவதில்லை, நிஜம்தான். 6 வோல்ட் 4எல்ஆர்44 செல்லைச் சின்ன அடாப்டர் வைத்துப் போட்டால் ஓடும். ஆனால் செல் இல்லாமல் இது 1/500 என்ற ஒரே வேகத்தில்தான் அடிக்கும், அதனால் செல்லோடு போய்ச் சோதியுங்கள். ஃபிலிம் லீவரைத் தள்ளும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் உள்ளிருக்கும் ரப்பர் பட்டை கரைந்துபோயிருக்கும். மாற்றலாம், ஆனால் மேல்மூடியைக் கழற்றுகிற வேலை அது. அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.