கல்விக் கேள்வி பதில்: ஏழைப் பிள்ளையை மேலே தூக்கும் கல்லூரி எது?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று தொடங்கிய கல்லூரிகள் ஏழை மாணவரை மேலே கொண்டுவருகின்றன என்கிறார்கள். எப்படி அளக்கிறார்கள்? (ஓர் ஆசிரியை, உப்புவெளி)

பதில்: 1964க்கு முன் நிறுவப்பட்ட இவை இன்று ஏறத்தாழ 100 இருக்கின்றன. பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினரின் 2017 முறை இரண்டு எண்களைப் பெருக்குகிறது: மாணவரில் எத்தனை வீதத்தினர் அடிமட்ட 20 வீத வருமானக் குடும்பத்தவர், அவர்களில் எத்தனை வீதத்தினர் வளர்ந்தபின் உச்ச 20 வீதத்துக்குள் போனார்கள். 100 பேரில் 25 பேர் ஏழைகள், அவர்களில் 5 பேர் மேலே போனால் விடை 5 வீதம். நாலே நாலு ஏழைகளைச் சேர்த்து இரண்டு பேரை உயர்த்தும் பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்துக்கு 2 வீதம்தான். கறுப்பினக் கல்லூரிகளின் பலம் முதல் எண்ணில் இருக்கிறது.

பட்டதாரிகளின் சராசரிச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவது அநியாயம். வந்து சேரும் பிள்ளைகளின் வீட்டு நிலையே வேறு. 2004 முதல் 2010 வரை கல்லூரி அனுமதிக்கான எஸ்.ஏ.டி. பரீட்சை எழுதிய சுமார் 12 இலட்சம் கறுப்பின மாணவரை ஆராய்ந்தவர்கள், இக்கல்லூரிகளில் சேர்ந்தோர் பட்டம் பெறும் வாய்ப்பு 14.6 வீதப் புள்ளி அதிகம், 30 வயதளவில் குடும்ப வருமானம் 5 வீதம் அதிகம் என்று கண்டார்கள். கூடவே கல்விக் கடனும் சுமார் 12,000 டொலர் அதிகம். வீட்டில் சேமிப்பில்லை, கல்லூரியிடமும் பெரிய நிதியம் இல்லை என்றால் மிச்சத்தைக் கடன்தான் நிரப்பும். 1970களில் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த சம்பள நன்மை 1990களின் மாணவருக்குப் பாதகமாக மாறியதாக இன்னோர் ஆய்வு சொல்கிறது. ஆகவே எந்த ஆண்டில் சேர்ந்தவர்களின் கணக்கு என்பதை முதலில் கேளுங்கள்.

கேள்வி: மகள் உயர்தரம் கணிதப் பிரிவு. அந்தக் கறுப்பினக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாமா? (ஒரு தந்தை, மூதூர்)

பதில்: தாராளமாக. இனத் தடை கிடையாது. ஆனால் முதலில் கல்லூரிக்குத் தர அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள்: அட்லாண்டாவின் மொரிஸ் பிரவுண் கல்லூரி 2002இல் அதை இழந்து 2022இல்தான் திரும்பப் பெற்றது. அமெரிக்க அரசின் கொலிஜ் ஸ்கோர்கார்ட் தளத்தில் பட்டம் முடிப்போர் வீதம் இருக்கும். அங்கே காட்டும் சராசரிச் செலவை மட்டும் நம்பிவிடாதீர்கள், அது அரச உதவி பெறும் மாணவருக்கானது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகும் உங்கள் மகளுக்கு, ஏழை மாணவருக்கு அந்த அரசு தரும் பெல் மானியமும் இல்லை, அரசக் கடனும் இல்லை. கல்லூரி தன் நிதியில் எவ்வளவு, எத்தனை வருடத்துக்குத் தரும் என்று எழுத்தில் வாங்குங்கள். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் செலவும் பணம் வரும் வழியும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பொருத்திப் பாருங்கள். தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், அது கட்டணத்துக்குக் காணாது.

கேள்வி: ஏழை மாணவரின் உயர்வை அளக்கும் இக்கணக்கைத் திருகோணமலை வளாகத்துக்குப் போடலாமா? (ஒரு மாணவர், நிலாவெளி)

பதில்: அமெரிக்கர்கள் வரிப் பதிவேடுகளைப் பயன்படுத்தினார்கள். இங்கே மீன்பிடி, கூலிவேலைக் குடும்பங்கள் பல அதில் இல்லை. சேரும்போதே பெற்றோர் வருமானத்தைப் பதிந்து, பத்து வருடம் கழித்துப் பழைய மாணவரிடம் கேட்கவேண்டும். நல்ல வேலையில் இருப்பவர்கள்தான் முதலில் பதில் போடுவார்கள். பதில் தராதவர்களைத் தேடிப் பிடிக்காவிட்டால் எண் பொய்யாக உயரும்.